தோளில் தொங்கும் நாலு கிலோ: கேமரா பை வாங்கும் முன்

திருப்பரங்குன்றத்தில் ஓர் ஆவணி முகூர்த்தம். விடிய இன்னும் நேரம் இருந்தது. மண்டபத்துப் படியில் ஏறிக்கொண்டிருந்தேன். திடீரென்று இடது தோள் லேசானது. என்ன ஆயிற்று என்று புரிவதற்குள் பின்னால் சத்தம் கேட்டது. பையின் பிளாஸ்டிக் கொக்கி முறிந்து, பை மூன்று படி உருண்டு கீழே கிடந்தது. திறந்து பார்த்தால் 85 எம்.எம். லென்ஸின் மவுண்ட், அதாவது கேமராவில் பொருந்தும் வளையம், வளைந்திருந்தது. மற்றவை தப்பின. மீதி இரண்டு லென்ஸை வைத்து அந்தக் கல்யாணத்தை முடித்துக் கொடுத்தேன், ஆனால் அன்று முழுக்க என் கை நடுங்கியது.

அது மெல்லிய பை இல்லை. நாலு பக்கமும் மெத்தென்று இருக்கிறதா என்று கடையில் அமுக்கிப் பார்த்துத்தான் வாங்கினேன். அன்று இரவு வீட்டில் உள்துணியைப் பிரித்தேன். பக்கவாட்டில் நல்ல ஃபோம். அடியில் ஓர் அட்டை, அதன்மேல் சப்பையாகிப்போன ஸ்பாஞ்ச், அவ்வளவுதான். தோளிலிருந்து நழுவும் பை பெரும்பாலும் அடிப்பாகத்தில்தான் இறங்கும். நான் அமுக்கிப் பார்க்காத ஒரே இடமும் அதுதான்.

பன்னிரண்டு வருடமாக மதுரையிலும் சுற்று ஊர்களிலும் கல்யாணம், காதுகுத்து, வளைகாப்பு எடுக்கிறேன். இப்போது தோளில் இருப்பது ஆறாவது பை. என்னிடம் உதவிக்கு வரும் தம்பி தங்கைகள் முதல் சம்பளத்தில் லென்ஸ் வாங்கிவிட்டு, "அக்கா, பை எது வாங்கலாம்?" என்று கேட்பார்கள். அவர்களிடம் துண்டு துண்டாகச் சொன்னதை இங்கே சேர்த்து எழுதுகிறேன்.

கடைக்குப் போவதற்கு முன்னால் வீட்டில் ஒரு வேலை இருக்கிறது. தரையில் பெட்ஷீட்டை விரித்து, ஒரு விசேஷத்துக்கு உண்மையிலேயே எடுத்துப்போகும் சாமான்களைப் பரப்பி வையுங்கள். பீரோவில் இருப்பதெல்லாம் வேண்டாம், கையில் எடுப்பது மட்டும் போதும். பிறகு ஒவ்வொன்றாகச் சமையலறைத் தராசில் வையுங்கள். என் கணக்கைச் சொல்கிறேன். நிக்கான் டி750 பாடி, அதாவது லென்ஸ் இல்லாத கேமரா மட்டும், பேட்டரியோடு 840 கிராம். 24-70 எஃப்2.8 லென்ஸ் 900 கிராம். 70-200 எஃப்2.8 லென்ஸ் 1,540 கிராம். 85 எஃப்1.8 லென்ஸ் 350. எஸ்பி-700 ஃபிளாஷ் 360, அதற்குப் போடும் நாலு பேட்டரி நூறு கிராமுக்குக் கொஞ்சம் மேல். கூட்டினால் 4 கிலோ 100 கிராம் வரும். சார்ஜர், மெமரி கார்டு, தண்ணீர் பாட்டில், பையின் சொந்த எடை எதுவும் இதில் சேரவில்லை.

உள்ளே கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமராவுக்கு மாறினால் பாரம் பாதியாகிவிடும் என்று நினைக்காதீர்கள். சோனி ஏ7 மூன்றாம் மாடல் பாடி 650 கிராம்தான், சரி. ஆனால் அதற்குப் போடும் 24-70 ஜிஎம் லென்ஸின் முதல் மாடல் 886 கிராம். பாடியில் குறையும் அளவுக்கு லென்ஸில் குறைவதில்லை.

இந்த எடையை ஏன் முதலில் பார்க்கச் சொல்கிறேன் என்றால், தோள் பைக்கு ஓர் எல்லை உண்டு. பையோடு சேர்த்து ஆறு கிலோவைத் தாண்டினால் முதுகுப்பைக்குப் போய்விடுங்கள். நான் ஒரு சீசன் முழுக்க ஏழு கிலோவை ஒரே தோளில் சுமந்தேன். கழுத்திலிருந்து முழங்கை வரை இறங்கும் ஒரு வலி வந்து, மூன்று மாதம் பிசியோதெரபிக்குப் போனேன். ஆறு கிலோவுக்குள் நிற்கும் என்றால் தோள் பைதான் எனக்குச் சௌகரியம். முதுகுப்பையில் லென்ஸ் எடுக்க அதைக் கழற்றிக் கீழே வைக்கவேண்டும். மணமேடையைச் சுற்றி நாற்பது சொந்தக்காரர்கள் நிற்கும்போது கீழே வைக்க இடம் ஏது? தோள் பையை முன்னால் இழுத்துவிட்டால் வயிற்றுக்கு நேராக ஒரு மேசை கிடைத்துவிடுகிறது. அதில் வைத்தே லென்ஸ் மாற்றலாம்.

எடைக்கு அடுத்து நீளம். என் 70-200 இருபது சென்டிமீட்டருக்கு மேல். அதை நிற்க வைப்பதா, படுக்க வைப்பதா என்று முதலிலேயே முடிவு செய்யுங்கள். நிற்க வைத்தால் பையின் உள் உயரம் 23 சென்டிமீட்டராவது வேண்டும். அவ்வளவு உயரமான பை நடக்கும்போது ஆடும். படுக்க வைத்தால் பை அகலமாகும், கூட்டத்தில் இடிக்கும். நான் நிற்க வைக்கிறேன். லென்ஸ் முனையில் வெளிச்சத்தை மறைக்க மாட்டும் ஹூடைத் திருப்பிப் போட்டு, முன்பக்கம் கீழே, மவுண்ட் மேலே. உள்ளே எட்டிப் பார்க்காமலே கைக்கு வரும். ஒன்று கவனியுங்கள்: பையின் அட்டையில் போட்டிருக்கும் அளவு பெரும்பாலும் வெளி அளவு. இரண்டு பக்க மெத்தையும் சேர்ந்து இரண்டு மூன்று சென்டிமீட்டரைச் சாப்பிட்டுவிடும். கையோடு தையல் டேப் ஒன்று கொண்டுபோய் உள்ளே விட்டு அளந்து பாருங்கள்.

இனி மெத்தைக்கு வருவோம். என் லென்ஸ் போனது இதில்தான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

தொட்டால் மெத்தென்று இருப்பதெல்லாம் அடியைத் தாங்காது. தலையணை மாதிரி அமுங்கும் ஸ்பாஞ்ச் ஒரு வகை. அதன் துளைகள் ஒன்றுக்கொன்று திறந்திருப்பதால் காற்று வெளியேறிவிடும், தண்ணீர் உள்ளே போய்விடும். ஒரு வருடம் பாரம் தாங்கினால் சப்பையாகி அப்படியே நின்றுவிடும். செருப்பின் அடிப்பாகம் மாதிரி கொஞ்சம் விறைப்பாக இருக்கும் ஃபோம் இன்னொரு வகை. ஈவிஏ என்பார்கள். அதன் துளைகள் மூடியவை. அமுக்கினால் எதிர்த்துத் தள்ளும், விட்டால் பழைய நிலைக்கு வரும், நனைந்தாலும் தண்ணீரைக் குடிக்காது. டிவி பெட்டிக்குள் வருமே, அந்த வெள்ளை பேக்கிங் ஃபோமைத் தைத்த பைகளும் சந்தையில் உண்டு. அது நாளாக நாளாக உதிர்ந்து லென்ஸ் மேல் பொடியாக ஒட்டும். எனக்கு ஈவிஏதான் வேண்டும்.

கண்டுபிடிக்கச் சின்னச் சோதனை போதும். பையின் சுவரை உள்ளே ஒரு விரல், வெளியே ஒரு விரல் வைத்துக் கிள்ளுங்கள். இரண்டு விரலும் ஏறக்குறைய ஒன்றையொன்று உணர்ந்தால் அந்தப் பை வேண்டாம். பக்கச் சுவருக்குப் பத்து மில்லிமீட்டர் நல்ல ஃபோம் இருந்தால் தாராளம். அடிப்பாகத்துக்கு அதைவிடக் கூடுதல் வேண்டும், ஃபோமுக்கும் வெளித்துணிக்கும் நடுவில் வளையாத பலகை ஒன்றும் வேண்டும். பலகை மோதலைப் பரப்பிவிடும், ஃபோம் அதை மெதுவாக வாங்கிக்கொள்ளும். பலகை மட்டும் இருந்தால் அடி நேராக லென்ஸுக்குப் போய்விடும். மூலைகளையும் கிள்ளிப் பாருங்கள். தையல் சேரும் இடத்தில் ஃபோமை வெட்டி நிறுத்திவிடுவார்கள், அங்கே வெறும் துணிதான் இருக்கும்.

மற்றதெல்லாம் பிடித்து அடிப்பாகம் மட்டும் குறை என்றால் பையை விட்டுவிட வேண்டியதில்லை. பழைய யோகா மேட்டை அடியின் அளவுக்கு இரண்டு துண்டாக வெட்டி, ஒன்றன்மேல் ஒன்று வைத்து உள்ளே போடுங்கள். என் தங்கையின் பையில் நாலு வருடமாக அதுதான் இருக்கிறது.

அதற்காக மெத்தை மட்டுமே பை என்றும் நினைக்கவேண்டாம். பிலடெல்பியாவில் செய்தித்தாள் புகைப்படக்காரராக இருந்த ஜிம் டோம்கி தன் வேலைக்காக உருவாக்கிய கித்தான் பையில் மெத்தை மிகக் குறைவு. உடம்போடு ஒட்டிக்கொள்ளும், கை சட்டென்று உள்ளே போகும் என்பதால் பத்திரிகைக்காரர்கள் அதை விரும்பிச் சுமந்தார்கள். தோளைவிட்டு இறங்காத பைக்கு அது சரி. நம் பை அப்படி இருப்பதில்லை. ஸ்கூட்டரில் வரும், ஆரப்பாளையத்தில் பஸ் ஏறும், பந்தி நடக்கும்போது நாற்காலிக்கு அடியில் கிடக்கும், யாராவது ஒரு பெரியப்பா அதைக் காலால் தள்ளிவிட்டு உட்காருவார். நமக்கு மெத்தை வேண்டும்.

அடுத்தது பட்டை. என்னைக் கேட்டால் பையின் உயிரே இதில்தான் இருக்கிறது. அகலம் நாலு சென்டிமீட்டருக்குக் குறையக்கூடாது, ஐந்து இருந்தால் இன்னும் நல்லது. கார் சீட் பெல்ட் மாதிரி நெருக்கமாக நெய்த நைலான் நாடா வேண்டும். தோளில் உட்காரும் திண்டின் அடியில் ரப்பர் புள்ளிகள் இருந்தால் வழுக்காது. பட்டுச் சேலையோ வழுவழுப்பான சுடிதாரோ உடுத்துகிற பெண்களுக்கு இது மிக முக்கியம். நீளத்தையும் பாருங்கள். பல பைகளின் பட்டை உயரமான ஆண்களுக்கு வைத்த அளவு. நான் ஐந்தடி இரண்டங்குலம். குறுக்காக மாட்டிக் கடைசி வரை சுருக்கினாலும் சில பைகள் தொடையில் இடிக்கின்றன. பை இடுப்பெலும்புக்குச் சற்று மேலே நிற்கவேண்டும்.

கொக்கி உலோகத்தில் இருக்கட்டும். பிளாஸ்டிக்கில் நல்லவையும் உண்டு, ஆனால் நம் ஊர் வெயிலில் வருடக்கணக்கில் காயும் பிளாஸ்டிக் நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும். வெளியில் பார்த்தால் தெரியாது. என் கொக்கியும் முறிகிற அன்று காலை வரை புதுசு மாதிரித்தான் இருந்தது.

கொக்கியைவிடப் பெரிய விஷயம், அந்த வளையம் பையோடு எப்படிச் சேர்ந்திருக்கிறது என்பது. இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் தெற்குவாசல் பக்கம் வண்டி சீட் கவர் தைக்கும் ஒரு பெரியவர். உடைந்த பையை அவரிடம் கொண்டுபோனேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தாயி, இது ரெண்டு வரி நூலத்தான் நம்பித் தொங்குது. கொக்கி போகலன்னா அடுத்து இந்தத் தையல் போயிருக்கும்."

"என்ன செய்யலாங்கய்யா?"

"நாடாவ அடியில குடுத்துச் சுத்தி மேல கொண்டு வந்துட்டா, வெயிட்டு நாடாவுலதான நிக்கும்? நூலுக்கு என்ன வேலை?"

பையைச் சுற்றி, அடிவழியாக ஒரே நாடாவை ஓட்டி, இரண்டு ஓரத்திலும் பெட்டி போட்டுக் குறுக்குத் தையல் அடித்துக் கொடுத்தார். அன்றிலிருந்து கடையில் எந்தப் பையை எடுத்தாலும் முதலில் தலைகீழாகத் திருப்புகிறேன். நாடா அடிவழியாக ஓடுகிறதா? இல்லையென்றால் வளையம் சேரும் இடத்தில் பெட்டியும் பெருக்கல் குறியுமாகத் தையல் இருக்கிறதா? இரண்டும் இல்லாத பையைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன்.

உள் தடுப்புகளும் வெல்க்ரோவும் கடையில் யாரும் கவனிக்காத விஷயம். தடுப்பை எடுத்து இடம் மாற்றி ஒட்டிப் பாருங்கள். லேசாக இழுத்தாலே வருகிறதென்றால் நடக்க நடக்கச் சாய்ந்து, இரண்டு லென்ஸ் ஒன்றோடொன்று உரசும். தடுப்பின் ஓரம் முழுக்க வெல்க்ரோ இருக்கவேண்டும், நடுவில் ஒரு துண்டு மட்டும் போதாது. மூடியில் வெல்க்ரோ இருந்தால் மட்டும் நான் வாங்குவதில்லை. கீழவெளி வீதி மரியன்னை தேவாலயத்தில் ஒரு திருமணம். ஜெபத்துக்காக எல்லோரும் அமைதியாக நின்ற நேரத்தில் என் பையைத் திறந்தேன். சர்ரென்று கோயில் முழுக்கக் கேட்டது. முன்வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். இன்னொரு வீட்டில் மாப்பிள்ளையின் சித்தி என்னைத் தாண்டிப் போகும்போது, திறந்திருந்த மூடியின் முள் பக்கம் அவருடைய பட்டுச் சேலையில் பட்டு நூலை இழுத்துவிட்டது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. மறுநாளே அந்த வெல்க்ரோ மேல் துணி வைத்துத் தைத்துவிட்டேன்.

மூடி எந்தப் பக்கம் திறக்கிறது என்று பாருங்கள். உடம்பிலிருந்து வெளிப்பக்கமாகத் திறந்தால் கை நேராக உள்ளே போகும். உடம்பை நோக்கித் திறக்கும் மூடி ஒவ்வொரு தடவையும் வயிற்றில் முட்டி, கைக்குக் குறுக்கே நிற்கும். ஜிப் பெரிய பல்லாக இருக்கட்டும், ஒரே இழுப்பில் ஓடட்டும். ஒரு கையால் திறந்து மூட வருகிறதா என்று கடையிலேயே பாருங்கள், ஏனென்றால் வேலையில் இன்னொரு கையில் கேமரா இருக்கும். உள்துணி வெளிர் நிறமாக இருந்தால் நல்லது. கறுப்புத் துணிக்குள் கறுப்பு லென்ஸ் மூடியைத் தேடிய நேரத்தில் நான் தாலி கட்டும் படத்தையே ஒருமுறை தவறவிடப் பார்த்தேன்.

தண்ணீர் விஷயத்தில் மதுரைக்காரர்களுக்கு ஒரு தனிக் கணக்கு. சித்ரா பௌர்ணமியன்று அழகர் ஆற்றில் இறங்குவதை எடுக்கப் போகிறவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. தோல் பையில் தண்ணீர் நிரப்பி அழகர் மேல் பீய்ச்சும் பக்தர்கள் வழியெல்லாம் நிற்பார்கள். ராமராயர் மண்டபத் தீர்த்தவாரியில் எந்தத் திசையிலிருந்து வரும் என்றே தெரியாது. மழை மேலிருந்து வரும், இந்தத் தண்ணீர் பக்கவாட்டில் வரும். பையில் மடித்து வைத்திருக்கும் மழை உறையை எடுத்து மாட்ட அந்த நெரிசலில் கை வராது. அதனால் ஜிப்புக்கு மேலே கவிந்து, இரண்டு ஓரத்திலும் காது மாதிரி மடியும் மூடி உள்ள பைதான் உதவும். வெளித்துணி நைலானாக இருந்தால் உட்பக்கம் பூச்சு இருக்கிறதா என்று பாருங்கள். 1000 டெனியர் என்று போட்டிருந்தால் நூலின் பருமனைச் சொல்கிறார்கள், உரசலைத் தாங்கும். தண்ணீரைத் தடுப்பது அந்தப் பூச்சுதான். பௌர்ணமிக் கூட்டத்தில் ஜிப்பின் இழுப்பான் எப்போதும் உடம்புப் பக்கமாக இருக்கட்டும். அந்த நெரிசலில் யார் கை எங்கே போகிறது என்று பார்க்க முடியாது.

தை மாதம் புழுதி. அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் என்று மூன்று நாள் ஜல்லிக்கட்டு எடுத்துவிட்டு வந்தால் பைக்குள் ஒரு கைப்பிடி செம்மண் இருக்கும். அது அங்கேயே இருந்தால் அடுத்த வாரம் கேமராவுக்குள் படம் பதியும் சென்சாரில் புள்ளியாகத் தெரியும். எல்லாத் தடுப்பையும் கழற்றிப் பையைத் தலைகீழாகத் தட்ட முடியவேண்டும். கழற்ற முடியாமல் தைத்துவிட்ட தடுப்பு உள்ள பையை இதற்காகவே ஒதுக்குகிறேன். ஜிப் பல்லைப் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்துவிட்டு, மெழுகுவர்த்தியை ஒருமுறை அதன்மேல் ஓட்டுங்கள். வெண்ணெய் மாதிரி ஓடும்.

கடையில் என்ன செய்யவேண்டும் என்றால், உங்கள் சாமான்களைக் கொண்டுபோங்கள். காலிப் பையை மாட்டிக் கண்ணாடியில் பார்ப்பதால் ஒன்றும் தெரியாது. எல்லாவற்றையும் அடுக்கிக் குறுக்காக மாட்டி, பத்து நிமிடம் கடைக்குள் நடங்கள். குனியுங்கள். தரையில் கிடக்கும் ஒரு பொருளை எடுப்பது போலக் குனியும்போது பை முன்னால் வந்து விழுகிறதா, இடுப்பிலேயே நிற்கிறதா? மாடிப்படி இருந்தால் ஏறி இறங்குங்கள். அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு லென்ஸாக வெளியே எடுத்துப் பாருங்கள். கடைக்காரர் பொறுமையாக இருந்தால் அவரிடமே வாங்குங்கள். முகம் சுளித்தால் வேறு கடை பார்க்கலாம், இது அடுத்த ஐந்து வருடம் உங்கள் தோளில் கிடக்கப்போகிற பொருள். ஆன்லைனில் வாங்குவதென்றால் திருப்பி அனுப்ப எத்தனை நாள் தருகிறார்கள் என்று முதலில் பாருங்கள். வந்ததும் லேபிளைக் கிழிக்காமல் இதே சோதனைகளை வீட்டில் செய்யுங்கள்.

ஸ்கூட்டரில் போகும்போது பையைக் கால் வைக்கும் இடத்தில் வைக்காதீர்கள். அங்கே அதிர்வு நேராக ஏறும், லென்ஸின் சின்னத் திருகுகள் தளரும். குறுக்காக மாட்டி, பையைப் பின்னால் தள்ளி, பின்சீட்டில் அதன் பாரம் உட்காரும்படி பட்டையைச் சரிசெய்யுங்கள். கொடைக்கானலில் அவுட்டோர் முடித்துக் கீழே இறங்கினால், வத்தலக்குண்டு வந்ததும் பையைத் திறக்காதீர்கள். குளிர்ந்த லென்ஸில் சூடான காற்று பட்டு நீர் கோக்கும். அரை மணி நேரம் மூடியே இருக்கட்டும், மெத்தை மெதுவாகச் சூடேற விடும்.

அதே மெத்தைதான் ஐப்பசி கார்த்திகையில் எதிரியாகிறது. மழையில் நனைந்த பை உள்ளே காய நாளாகும், அதற்குள் லென்ஸில் பூஞ்சை பிடித்துவிடும். வீட்டில் இருக்கும் நாளில் லென்ஸைப் பைக்குள் விடாதீர்கள். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். பையைத் திறந்து ஃபேன் அடியில் கவிழ்த்து வையுங்கள்.

புதுப் பை வாங்கி வந்த அன்று இரவே ஒன்று செய்யுங்கள். கேமராவை வைப்பதற்கு முன்னால், ஐந்து கிலோ அரிசிப் பையை அதற்குள் வைத்து ஜிப்பை மூடி, பட்டையோடு சேர்த்துச் சுவரில் உறுதியான ஆணியில் தொங்கவிடுங்கள். காலையில் டார்ச் அடித்து வளையம் சேரும் இடத்தைப் பாருங்கள். தையல் ஓட்டை நீண்டிருக்கிறதா, நூல் தெரிகிறதா, கொக்கியின் வாய் விரிந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். ஏதாவது ஒன்று இருந்தாலும் அன்றைக்கே பில்லோடு கடைக்குப் போய்விடுங்கள்.